கண்மணி குடித்த தண்ணீர்

சிவகாமசுந்தரி நம் வீட்டுக்குள் வந்தால் முதலில் நம் முகத்தைப் பார்க்க மாட்டாள், பிள்ளைகளின் கையைப் பார்ப்பாள். சட்டைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றி, முழங்கை மடிப்பை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். சிவப்புப் புள்ளி எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் "என்னக்கா, சாப்பிட்டாச்சா?" என்று நம்மை விசாரிப்பாள். பால்காரர் பிள்ளையோ, கீழே கடைக்கு நெருப்புப்பெட்டி வாங்க வந்த பிள்ளையோ, அவளுக்கு எல்லாம் ஒன்றுதான். ஒரு சீனத்தி கோபத்தில் தன் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு போனதும் உண்டு. எனக்கும் எரிச்சல்தான். என் மகள் அஸ்மத்தின் கையை அவள் அப்படித் தூக்கிப் பிடிக்கும்போதெல்லாம் தட்டிவிடத் தோன்றும். இல்லாத நோயைக் கூப்பிட்டு வரவழைக்கிறாளே என்று பயம்.

அவள் ஏன் அப்படி ஆனாள் என்று தெரியாதவர்கள் அவளைக் கிறுக்கு என்றார்கள். தெரிந்த எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரிந்து போகும் ஒரு சந்தில், கடை வீட்டு மாடியில் நாங்கள் குடியிருந்தோம். கீழே கடைகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடிப் பாதையில் என் வீட்டுக்காரர் அஹமது கபீர் சிகரெட்டும் பத்திரிகையும் விற்றார். மாடியைப் பலகையால் தடுத்து அறைகளாக்கியிருந்தார்கள். முன்னறை எங்களுடையது, அடுத்தது சிவகாமியுடையது. எல்லாருக்கும் சேர்த்துப் பின்பக்கச் சமையலறையில் ஒரே ஒரு குழாய். அந்தக் குழாய்க்கு நான்தான் போலீஸ். தண்ணீர்க் கட்டுப்பாடு வந்த காலத்தில், விட்ட நேரத்தில் பிடித்தால்தான் உண்டு என்றிருந்தபோது, நானாக ஏற்றுக்கொண்ட உத்தியோகம் அது. யாராவது குழாயைத் திறந்து விட்டுவிட்டு வாயடித்துக்கொண்டு நின்றால் அவர்கள் பரம்பரையையே இழுத்துவிடுவேன்.

சிவகாமியின் கணவர் மருதப்பனுக்கு மலேரியா வேலை. அப்படித்தான் சொல்வார்கள். எண்ணெய் டின்னை முதுகில் கட்டிக்கொண்டு, ஊரிலுள்ள சாக்கடைகளிலும் பள்ளங்களிலும் எண்ணெய் அடித்துக்கொண்டே போக வேண்டும். கொசுப்புழு மூச்சு முட்டிச் செத்துப்போகும். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து நம் ஆட்கள் பார்த்த வேலை அது. மனிதர் தெருவில் வந்தாலே எண்ணெய் வாடை முன்னால் வரும். அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. "இந்தச் சந்துல ஒரு கொசு பொறக்கட்டும் பாப்போம்" என்பார். எங்கள் பின்சந்துச் சாக்கடைக்கு யாரும் சொல்லாமலேயே ஒரு தடவை அதிகமாக அடித்துவிட்டுப் போவார். சிவகாமி ஒரு மாவு மில்லில் மிளகாய்த்தூள் சலித்தாள். இரண்டு பிள்ளைகள். மூத்தவள் கண்மணி, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். இளையவன் அழகப்பன் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தான்.

தண்ணீர்க் கட்டுப்பாடு இருந்த அந்த வருஷத்தில்தான் கண்மணிக்குக் காய்ச்சல் வந்தது. நெருப்பாகச் சுட்டது. கண்ணைத் திறக்க முடியவில்லை என்றாள், எலும்பெல்லாம் வலிக்கிறது என்று அழுதாள். பிறகு கையிலும் காலிலும் சிவப்புப் புள்ளிகள் கிளம்பின. பார்த்தவர்கள் எல்லாரும் அம்மை என்றார்கள். காளியம்மன் கோயில் பக்கமிருந்து வேப்பிலை ஒடித்து வந்து வாசலில் செருகினார்கள். அம்மை கண்ட வீட்டில் மருந்து கிடையாது, ஊசி கிடையாது. அம்மா வந்திருக்கிறாள், தானாக இறங்கிப் போவாள் என்று காத்திருந்தார்கள்.

காய்ச்சலும் இறங்கியது. அதுதான் கொடுமை. ஒரு காலையில் உடம்பு குளிர்ந்து, பிள்ளை வேர்த்துக் கிடந்தாள். சிவகாமி சிரித்துக்கொண்டே என் அறைக்கு ஓடி வந்து சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைப் பிள்ளையின் தலையில் ஊற்றினார்கள். அம்மை இறங்கினால் அப்படி ஊற்றுவது அவர்கள் வழக்கம். அன்று மத்தியானமே கண்மணிக்கு மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. பிறகு வாந்தியிலும் வந்தது.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், நானும் கூடப் போனேன். அது அம்மை இல்லை, கொசுவால் வரும் ஒரு காய்ச்சல், உடம்புக்குள் ரத்தம் கசிகிறது என்றார்கள். டாக்டர்களுக்கே அது புது வியாதி போலத்தான் இருந்தது. வாந்தியில் ரத்தம் வந்துகொண்டிருந்ததால் வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கண்மணி தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தாள். "அம்மா, ஒரு வாய் தண்ணி. ஒரே ஒரு வாய்மா." சிவகாமி முந்தானையை நனைத்து உதட்டில் ஒற்றினாள். பிள்ளை துணியைச் சப்பினாள். அப்படியே போய்விட்டாள்.

சின்னப் பிள்ளை என்பதால் காரியங்களைச் சுருக்கமாக முடித்தார்கள். அவள் படுத்திருந்த இடத்தில் ஒரு விளக்கு ஏற்றி, பக்கத்தில் ஒரு செம்பில் தண்ணீர் வைத்தார்கள். செத்தவர்களுக்குத் தாகம் எடுக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. காரியம் முடிந்ததும் அந்தத் தண்ணீரை எடுத்து ஊற்றிவிட வேண்டும். காத்தோங்கிலிருந்து வந்திருந்த மருதப்பனின் அக்கா ரத்தினம்மா அதை எடுக்கப் போனபோது சிவகாமி குறுக்கே விழுந்தாள். "எம்புள்ளைக்கு இன்னும் தாகம் அடங்கல. அதைத் தொடாதீங்க" என்றாள். யாரும் தொடவில்லை.

செம்பை மட்டும் மாற்றிக்கொண்டாள். கண்மணி பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன எனாமல் குவளை ஒன்று இருந்தது, வெள்ளை உடம்பும் நீல விளிம்பும். அதில் தண்ணீர் ஊற்றி, சுவரில் உயரமாக அடித்த பலகையில், கண்மணியின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். கல்யாணம் ஆகாமல் போன பெண் அந்த வீட்டுக்கே தெய்வம் என்பார்கள், கன்னிச்சாமி. தினமும் காலையில் குளித்துவிட்டு, ஸ்டூலில் ஏறி, எவ்வளவு குறைந்திருக்கிறதோ அவ்வளவு ஊற்றி நிரப்புவாள். பழைய தண்ணீரைக் கொட்ட மாட்டாள். கொட்டினால் பிள்ளையைப் போ என்று சொல்வதுபோல் ஆகிவிடும் என்றாள்.

"பாருங்கக்கா, விரக்கடை கொறஞ்சிருக்கு. குடிச்சிருக்கா."

சிங்கப்பூர் வெயிலில் எந்தத் தண்ணீர்தான் குறையாது. எனக்குத் தெரியாதா? ஆனால் அவள் முகத்தைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது. எங்கள் மார்க்கத்தில் அப்படி வழக்கம் இல்லை. பெற்றவளின் வேதனைக்கு மார்க்கம் ஏது என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவளுக்கு அழகப்பன்தான் உலகம். அவனை இழந்துவிடுவோமோ என்ற பயத்தில்தான் அவள் எழுந்தாள், படுத்தாள், சோறு தின்றாள். அந்தப் பக்கத்தில் யாருக்குக் காய்ச்சல் என்று கேட்டாலும் மகனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வாள். பிள்ளை சாக்கடைப் பக்கம் போகக் கூடாது, மாட்டுக் கொட்டகைப் பக்கம் போகக் கூடாது, அஞ்சடியில் விளையாடக் கூடாது. மில் வேலையையும் விட்டுவிட்டாள். பகல் முழுக்க அவனை அறைக்குள்ளேயே வைத்து, ஜன்னலைச் சாத்தி, தேங்காய் மட்டையைக் கொளுத்திப் புகை போட்டாள். அந்த அறைக்குள் நுழைந்தால் நமக்குக் கண் எரியும். பையன் அக்காவின் படத்துக்குக் கீழே உட்கார்ந்து தீப்பெட்டி அட்டைகளை வைத்து விளையாடுவான். ராத்திரியானால் கொசுவலை. மருதப்பன் பின்சந்துக்கு இன்னும் ஒரு டின் எண்ணெய் அடித்தார். ஒரு பிள்ளையைக் காப்பாற்ற இதற்கு மேல் என்னதான் செய்ய முடியும்?

அறுபத்தாறில் அந்தக் காய்ச்சல் மறுபடியும் பெரிதாகக் கிளம்பியது. பிள்ளைகளைத்தான் பிடித்தது. ஆஸ்பத்திரியில் கட்டில் போதவில்லை என்று என் வீட்டுக்காரர் பத்திரிகையில் படித்துச் சொல்வார். நான் அஸ்மத்தைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, அவள் திரும்பி வரும்வரை மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருப்பேன். ரேடியோவில் தமிழ் அறிவிப்பு வந்தது. இந்தக் கொசு சாக்கடையில் இல்லையாம். வீட்டுக்குள்ளே, நல்ல தண்ணீரில் இருக்கிறதாம். மருதப்பன் அதைக் கேட்டுச் சிரித்தார்.

"நல்ல தண்ணில கொசுவா? இத்தன வருசமா சாக்கடையில மெனக்கெட்டவன் நான். எனக்குத் தெரியாதா லா."

வீடு வீடாகச் சுகாதார ஆட்கள் வருகிறார்கள், தண்ணீர் தேங்கும் எதைப் பார்த்தாலும் கவிழ்த்துக் கொட்டிவிடுகிறார்கள் என்று சந்து முழுக்கப் பேச்சு. மறுநாள் காலையில் நான் கதவைத் திறந்தால், சிவகாமியின் வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து தொங்குகிறது. எனக்கு உயிரே போய்விட்டது.

"யாருக்குடி? அழகுக்கா?"

அவள் உதட்டில் விரலை வைத்தாள். "யாருக்கும் இல்லக்கா. அவனுங்க வந்துட்டுப் போவட்டும், அவுத்துடறேன். குவளையில கை வச்சா நான் தாங்க மாட்டேன்."

இப்படியும் ஒருத்தி செய்வாளா என்று திட்டினேன். அவள் கேட்கவில்லை.

சுகாதார ஆளாக வந்தவர் நம் தமிழ்ப் பையன்தான். பாலகிருஷ்ணன் என்று பெயர், வெள்ளைச் சட்டை, கையில் டார்ச் லைட். கூட ஒரு மலாய்க்காரர். முதலில் என் அறைக்குத்தான் வந்தார்கள். பெருமையாகவே காட்டினேன். என் அறையில் தரையில் சோறு போட்டுத் தின்னலாம், அவ்வளவு சுத்தம். பாலகிருஷ்ணன் நேராக என் சாப்பாட்டு அலமாரியிடம் போய் மண்டியிட்டார். எறும்பு ஏறாமல் இருக்க அதன் நான்கு காலுக்கும் அடியில் கிண்ணம் வைத்துத் தண்ணீர் ஊற்றியிருப்போம். எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். டார்ச்சை அடித்து என்னைக் கூப்பிட்டார். தண்ணீருக்குள் நூல் நூலாக என்னவோ நெளிந்து, தலைகீழாக மேலே வந்து, மறுபடியும் கீழே இறங்கியது.

"தம்பி, அது எறும்புக்கு வச்ச தண்ணி. சுத்தமாத்தானே இருக்கு?"

"சுத்தமா இருந்தாத்தாங்கக்கா அதுக்குப் பிடிக்கும். இது பகல்ல கடிக்கற கொசு. வீட்டுக்குள்ளயே பொறந்து, கட்டிலுக்கு அடியில, துணிக்குப் பின்னால ஒளிஞ்சிக்கும். கிண்ணத்துல உப்பை அள்ளிப் போடுங்க."

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. இந்த அலமாரிக்குப் பக்கத்தில்தான் அஸ்மத் உட்கார்ந்து பாடம் எழுதுவாள். அவள் காலில் நான் பார்க்காமல் விட்ட கடி எத்தனையோ.

அடுத்தது சிவகாமியின் வாசல். பாலகிருஷ்ணன் வேப்பிலையைப் பார்த்ததும் ஓரடி பின்வாங்கினார். கையோடு செருப்பையும் கழற்றிவிட்டார். கூட வந்தவரிடம் மலாயில் ஏதோ சொல்ல, அவரும் நகர்ந்துகொண்டார். "அம்மா இறங்கட்டும்மா, தலைக்கு ஊத்தினதும் வர்றேன்" என்று உள்ளே பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். சீனரோ மலாய்க்காரரோ தனியாக வந்திருந்தால் உள்ளே போய்ப் பார்த்திருப்பார்கள். நம் ஆள் என்பதால் கும்பிட்டுவிட்டுப் போனார். உள்ளே அழகப்பன் அக்கா படத்துக்குக் கீழே உட்கார்ந்து தொடையைச் சொறிந்துகொண்டிருந்தான்.

சில நாளில் சிவகாமி என் அறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, வந்துட்டா."

"யாரு?"

"பொய்யா வேப்பிலை கட்டினேன்ல. நெசமாவே வந்துட்டா. அழகுக்கு நெருப்பாச் சுடுது."

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். அம்மன் பேரைச் சொல்லி ஏமாற்றியதற்கு அம்மன் கேட்க வந்திருக்கிறாள். இப்போது பிள்ளையை வெளியே தூக்கிப் போய் ஊசி குத்தினால் கோபம் இன்னும் கூடும். பணிந்து கிடந்தால்தான் விடுவாள் என்றாள். புள்ளி இன்னும் வரவில்லையே என்றேன். "வரும்க்கா" என்றாள். இரண்டாம் நாளே வந்தது.

மருதப்பன் ஊரில் இல்லை. சுவா சூ காங் பக்கம் தோட்டங்களில் வேலை என்று அங்கேயே தங்கியிருந்தார். ஆள் மூலம் சொல்லி அனுப்பினோம். எனக்கோ இந்தப் பக்கமும் பயம், அந்தப் பக்கமும் பயம். குழாயடியில் வாய் கிழியப் பேசுகிறவள், அவர்கள் சாமி விஷயத்தில் வாயைத் திறக்க அஞ்சினேன். இன்னொன்றையும் மறைப்பானேன். அஸ்மத்தை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தி வைத்துக்கொண்டேன். பலகைக்கு அந்தப் பக்கம் பிள்ளை முனகுவது கேட்கும். அஸ்மத் என் முகத்தைப் பார்ப்பாள். நான் கிண்ணங்களில் இன்னும் கொஞ்சம் உப்பை அள்ளிப் போடுவேன்.

பிறகு அந்தக் காலை வந்தது. முனகல் நின்றிருந்தது. சிவகாமி ஓடி வந்தாள், சிரித்துக்கொண்டு.

"அம்மா எறங்கிட்டாக்கா. உடம்பு ஜில்லுன்னு இருக்கு. தண்ணி வெயில்ல வச்சிட்டேன், உச்சிக்குள்ள ஊத்திடணும்."

அதே சிரிப்பு, அதே வார்த்தை. என் கால் தானாக அந்த அறைக்குள் போனது. பிள்ளை பாயில் கிடந்தான். நெற்றியில் வேர்வை. காலைத் தொட்டேன். மீன் கடையில் ஐஸில் கிடக்கும் மீனைத் தொட்டதுபோல் இருந்தது. கண் சொருகுவதும் திறப்பதுமாக இருந்தது. கண்மணியின் காலும் இப்படித்தான் இருந்தது. தண்ணீர் ஊற்றிய அன்று நான்தான் துடைத்துவிட்டேன்.

"சிவகாமி, இது எறங்கலடி. அன்னைக்கும் இப்படித்தான் இருந்துச்சு. பிள்ளையத் தூக்கு."

"அபசகுனமாப் பேசாதீங்கக்கா." சிரிப்பு போய்விட்டது. பிள்ளைக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றாள். "நீங்க போங்க. உங்களுக்கு இதெல்லாம் தெரியாது."

"தெரியாதுதான். செத்த பிள்ளையோட காலு தெரியும்."

என்னைச் சுவரில் தள்ளினாள். அவ்வளவு பலம் அவளுக்கு எங்கிருந்து வந்ததோ. அந்த நேரத்தில் பாயிலிருந்து அழகப்பன் முனகினான்.

"அம்மா, தண்ணி."

சிவகாமி விறைத்துப்போனாள். ஒரு வாய் தண்ணீர் கொடுக்காமல் ஒரு பிள்ளையை அனுப்பியவள் அவள். சட்டென்று ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். பலகையிலிருந்து குவளையை இரண்டு கையாலும் எடுத்தாள். "அக்கா குடிச்ச தீர்த்தம்டா சாமி. ஒரு வாய் குடி. அக்கா காப்பாத்துவா." அவனைத் தூக்கி உட்கார வைத்தாள். இருட்டில் பிள்ளையின் வாய் தெரியவில்லை என்று ஜன்னலைத் திறந்துவிட்டது நான்தான். அன்றுவரை அந்தக் குவளை வெளிச்சத்தையே பார்த்ததில்லை.

பிள்ளை குவளைக்குள் பார்த்தான். வாயைத் திறக்கவில்லை.

"அம்மா, உள்ள ஓடுது."

அவள் பார்த்தாள், நானும் பார்த்தேன். வெள்ளை எனாமலில் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தது. நூல் நூலாக, மேலே ஏறி, தலைகீழாகத் தொங்கி, சுருண்டு இறங்கின. விளிம்புக்குக் கீழே, தண்ணீர் தொட்ட கோட்டில், மையைத் தெளித்ததுபோல் கறுப்புப் பொடி ஒட்டியிருந்தது. ஒரு கொசு குவளையின் காதிலிருந்து எழும்பி, கண்மணி படத்தின் கண்ணாடியில் போய் உட்கார்ந்தது. காலெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பட்டை.

சிவகாமி குவளையைப் பிள்ளையின் வாயிலிருந்து விலக்கினாள். பிறகு என்னைக் கேட்டாள். சத்தமே இல்லை, காற்றுதான் வந்தது.

"இதையாக்கா எம்புள்ளைக்குக் குடுத்துட்டு இருந்தேன்?"

எந்தப் பிள்ளையைச் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை. பையனை வாரி எடுத்தேன். "கொசு கடிச்ச காய்ச்சல்டி இது. அம்மன் யாரும் வரல. வா" என்றேன். அவள் குவளையைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து வந்தாள். அவளாக வந்தாள்.

கீழே என் வீட்டுக்காரர் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு டாக்சியை நிறுத்தினார். ஆஸ்பத்திரியில் அந்தக் கூடம் முழுக்கப் பிள்ளைகள். நர்ஸ் பிள்ளையின் கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கட்டி இறுக்கினாள்; பட்டைக்குக் கீழே சிவப்புப் புள்ளி மளமளவென்று கிளம்பியது. ஒருவரும் அம்மையா என்று கேட்கவில்லை. கண்மணி காலத்தில் டாக்டர்களே தடுமாறினார்கள். இப்போது கேள்வி கேட்டு முடிப்பதற்குள் கையில் ஊசி ஏற்றி, பாட்டில் மாட்டிவிட்டார்கள். காய்ச்சல் இறங்கும்போதுதான் ஆபத்து, இன்னும் கொஞ்சம் தாமதமாக வந்திருந்தால் எங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னதை நர்ஸ் தமிழில் சொன்னாள். சிவகாமி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். பாட்டிலிலிருந்து சொட்டு இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டு தாமதித்தாலும் என் கையைப் பிடித்து நசுக்கினாள். பக்கத்துக் கட்டில் பிள்ளையைப் போர்த்தித் தள்ளிக்கொண்டு போனார்கள். அவன் தாய் எங்களைப் பார்த்தாள். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம்.

சாயங்காலம் மருதப்பன் வந்து சேர்ந்தார், எண்ணெய்ச் சட்டையோடு. நான் தாழ்வாரத்தில் நிறுத்திக் குவளை விஷயத்தைச் சொன்னேன். மனிதர் அப்படியே சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்துவிட்டார். "ஊர்ச் சாக்கடைக்கெல்லாம் எண்ண அடிச்சனே தங்கச்சி. எங்க வீட்டுக்குள்ள பாக்கலயே" என்றார். எந்தத் தண்ணீரில் பிறந்த கொசு கடித்தது என்று யாரால் சொல்ல முடியும்? என் அலமாரிக் கிண்ணத்திலும்தான் நெளிந்தது.

அழகப்பன் பிழைத்துக்கொண்டான். வீட்டுக்கு அனுப்பும் அன்று சிவகாமி ஒன்றே ஒன்று கேட்டாள், இனிமேல் இவனுக்கு வராதல்லவா என்று. இதில் பல வகை இருக்கிறதாம். ஒன்று வந்து போனால் மற்றது வராது என்று சொல்ல முடியாதாம். மறுபடி வந்தால் இதைவிட மோசமாகக்கூட இருக்கலாமாம். நர்ஸ் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். டாக்சியில் வரும்போதே சிவகாமி பிள்ளையின் சட்டைக் கையைச் சுருட்டிப் பார்க்க ஆரம்பித்தாள். அந்தப் பழக்கம் அன்று வந்ததுதான். பிறகு கொசு வளர்த்தால் அபராதம் என்று சட்டம் வந்தது, டார்ச் லைட்டோடு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள், காய்ச்சலும் குறைந்தது. அவள் பயம் மட்டும் குறையவில்லை. என்னுடையதும்தான்.

பாலகிருஷ்ணன் சொன்னபடி திரும்ப வந்தார். காய்ந்துபோன வேப்பிலையைச் சிவகாமி ஏற்கெனவே பிய்த்து எறிந்திருந்தாள். அவளே குவளையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். அதற்குள் தண்ணீர் வற்றியிருந்தது.

"காஞ்சிருச்சே தம்பி. செத்திருக்கும்ல?"

"இல்லம்மா. இந்தக் கறுப்புப் பொடிதான் முட்டை. காஞ்சாலும் மாசக்கணக்குல உயிரோட இருக்கும். மேல தண்ணி ஏறினதும் பொரிச்சிரும்."

அவள் அதைக் கேட்டபடி நின்றாள். தினமும் காலையில் குளித்துவிட்டு, ஸ்டூலில் ஏறி, குறைந்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றியது அவளுக்கு அப்போது முழுசாகப் புரிந்திருக்கும். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. குழாயடியில் உட்கார்ந்து, தேங்காய் நாரும் சாம்பலும் போட்டு அந்தக் குவளையைத் தேய்த்தாள். எனாமல் உதிரும்வரை தேய்த்தாள். துடைத்து, படத்துக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள்.

அழகப்பன் அண்ணாந்து பார்த்தான். "அக்காவுக்குத் தாகம் எடுக்கும்ல?"

சிவகாமி ஸ்டூலை எடுத்து ஓரமாக வைத்தாள்.

மறுநாள் காலையில் நான் குழாயடிக்குப் போனபோது அவள் எனக்கு முன்னால் நின்றிருந்தாள். குழாயைத் திறந்தாள். குடத்தை வைக்கவில்லை. உள்ளங்கையைக் குவித்துத் தண்ணீரைப் பிடித்து, யாருக்கோ நீட்டுவதுபோல் நீட்டிக்கொண்டு நின்றாள். உதடு அசைந்தது. கை வழிந்து, தண்ணீர் சிமெண்டில் ஓடி, சாக்கடையில் இறங்கி, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் போகும்வரை பார்த்தாள். அதன் பிறகுதான் குடத்தை வைத்தாள்.

நாங்கள் அந்த மாடியைக் காலி செய்துவிட்டு அரசாங்கம் கட்டிய வீவக அடுக்குமாடி வீட்டுக்குப் போகும்வரை தினமும் அப்படித்தான் செய்தாள். குழாய்க்குப் போலீஸான நான், அந்த ஒரு கைத் தண்ணீருக்கு மட்டும் வாயைத் திறந்ததில்லை.